ஒரு லென்ஸும் பல காமிராக்களும்

மாணவர்களே! ஆனி மாதம் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கிவிடும். குற்றாலத்தில் 'சீசன்' வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கும். ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? ஒரே பாறையிலிருந்து நீர் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் காட்சியைப் பார்த்தவர்கள், அதைப் படம்பிடித்து வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் விஞ்ஞானக் கழக மாணவர் ஒன்பது பேருடன் நானும் அங்கே சென்றேன். அருவியைப் பற்றிப் பத்து நிமிடப் படம் ஒன்று எடுப்பது எங்கள் திட்டம். காமிராக்கள் இரவல், ஒன்று ஆசிரியருடையது, மற்றொன்று ஒரு ஸ்டூடியோக்காரருடையது. இரண்டும் வெவ்வேறு வகை. மாணவர்கள் சேமித்த பணத்தில் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள பழைய லென்ஸ் ஒன்றை வாங்கினோம். அதைக் காமிராவில் பொருத்த ஓர் அடாப்டரும் வாங்கினோம். இரண்டு நாள் நனைந்துகொண்டே படம் எடுத்தோம். காமிராவின் சிறு திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன.

ஊர் திரும்பிப் பள்ளிச் சுவரில் பெரிதாகக் காட்டினோம். அருகில் நின்றவர்களின் முகங்கள் கூர்மையாக இருந்தன. அருவியோ எல்லாக் காட்சிகளிலும் மங்கல்! மறுபடி போகலாம் என்றால் சீசன் முடிந்து நீர் குறைந்துவிட்டது. கண்காட்சிக்கு அந்தப் படம் போகவில்லை. "சார், கோளாறு லென்ஸிலா, காமிராவிலா?" என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டிலும் இல்லை! பின் எங்கே இருந்தது? அதைக் கண்டுபிடிக்கும் வழியில், பல காமிராக்களுக்கும் பொருந்தும் ஒரு லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு சிறு சோதனை

ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். சன்னலுக்கு எதிர்ப்புறம் கண்ணாடியைப் பிடித்து, அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே உள்ள மரமும் எதிர்வீடும் தலைகீழாகத் தாளில் தெளிவாக விழும். அப்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் உள்ள தூரமே, ஏறக்குறைய அந்த லென்ஸின் குவியத் தூரம். (சூரியனை நோக்கி மட்டும் பிடிக்காதீர்கள். தாள் பற்றி எரியும், கண்ணுக்கும் கேடு.)

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கறுப்பு அட்டையில் பெரிதும் சிறிதுமாக இரு செவ்வகச் சட்டங்களை வெட்டித் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். சிறிய சட்டத்துக்குள் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே அடங்கும். இரண்டு, தெளிவான பிம்பம் ஒரு வட்டத்துக்குள்தான் விழுகிறது; வட்டத்தின் விளிம்பில் மங்குகிறது. மூன்று, தாளைச் சிறிது நகர்த்தினாலும் தெளிவு கெடுகிறது. லென்ஸ் தேர்வின் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

சட்டமும் காட்சியும்

உங்கள் தாள் இருந்த இடத்தில் காமிராவில் பிலிம் இருக்கும். டிஜிட்டல் காமிராவில் ஒளியுணரி (சென்சார்) இருக்கும். அதன் அளவு காமிராவுக்குக் காமிரா மாறும். நான்கு எடுத்துக்காட்டுகள்:

முழுச்சட்ட டிஜிட்டல் காமிரா: 36 × 24 மி.மீ.
35 மி.மீ. சினிமா பிலிம்: 24.9 × 18.7 மி.மீ.
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிரா: 17.3 × 13 மி.மீ.
16 மி.மீ. சினிமா பிலிம்: 10.3 × 7.5 மி.மீ.

முதல் இரண்டும் ஒரே 35 மி.மீ. பிலிமிலிருந்து பிறந்த அளவுகள் என்பது வியப்பாக இருக்கலாம். புகைப்படக் காமிராவில் பிலிம் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு படத்திற்கு எட்டுத் துளைகள். சினிமாக் காமிராவில் அது செங்குத்தாக ஓடும். ஒரு படத்திற்கு நான்கு துளைகளே. ஆகவே சினிமாவின் சட்டம் சிறியது.

வடிவொத்த முக்கோணங்களைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். லென்ஸுக்கு முன்னால் காட்சி ஒரு பெரிய முக்கோணத்தின் அடிப்பக்கம். பின்னால் சட்டம் ஒரு சிறிய முக்கோணத்தின் அடிப்பக்கம். தொலைவில் உள்ள பொருளுக்கு இதிலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது:

காட்சியின் அகலம் = (பொருளின் தூரம் × சட்டத்தின் அகலம்) ÷ குவியத் தூரம்

அருவியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்பதாகவும், 50 மி.மீ. லென்ஸ் இருப்பதாகவும் கொள்வோம். முழுச்சட்டக் காமிராவில் 14.4 மீட்டர் அகலம் தெரியும். சினிமா பிலிமில் சுமார் 10 மீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிராவில் 6.9 மீட்டர், 16 மி.மீ. பிலிமில் 4.1 மீட்டர் மட்டுமே. ஒன்றில் ஐந்து கிளைகளும் தெரியும். மற்றொன்றில் ஒன்றிரண்டு கிளைகள்தாம் அடங்கும்.

"சிறிய காமிராவில் மாட்டினால் 50 மி.மீ. லென்ஸ் 100 மி.மீ. ஆகிவிடுகிறது" என்று சிலர் சொல்வார்கள். இது சரியன்று. குவியத் தூரம் லென்ஸின் பிறவிக் குணம். எந்தக் காமிராவில் மாட்டினாலும் மாறாது. மாறுவது சன்னலின் அளவு மட்டுமே. பெரிய சன்னலைப் பாதி மூடினால் தெருவில் பாதிதான் தெரியும். தெரு சுருங்கிவிட்டதாக யாரும் சொல்வதில்லை அல்லவா?

பிம்ப வட்டம்

லென்ஸ் உண்டாக்கும் பிம்பம் ஒரு வட்டம். அதனுள் காமிராவின் செவ்வகச் சட்டம் முழுவதும் அடங்க வேண்டும். அப்படியானால் வட்டத்தின் விட்டம் செவ்வகத்தின் மூலைவிட்டத்தை விடக் குறையக் கூடாது. பைதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள். 36 × 24 சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ.; சினிமா பிலிமுக்கு 31.1, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 21.6, 16 மி.மீ. பிலிமுக்கு 12.7.

16 மி.மீ. காமிராவுக்கென்று செய்த லென்ஸை முழுச்சட்டக் காமிராவில் மாட்டினால், நடுவில் ஒரு வட்டப் படமும் சுற்றிலும் இருட்டும் கிடைக்கும். மறுபுறம், பெரிய சட்டத்துக்குச் செய்த லென்ஸ் சிறிய சட்டத்துக்கு எளிதில் போதும். ஆகவே பல காமிராக்களுக்கு ஒரு லென்ஸ் என்றால், உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பெரிய சட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இதற்கு விலை உண்டு: வட்டம் பெரிதாகப் பெரிதாக லென்ஸின் எடையும் பணமும் ஏறும்.

கால் மில்லிமீட்டரின் கதை

இனி எங்கள் அருவி மங்கிய காரணத்திற்கு வருவோம். லென்ஸ் காமிராவின் முகத்தில் உள்ள உலோக வளையத்தில் பொருந்துகிறது. இதற்கு மவுண்ட் என்று பெயர். இந்த வளையத்திலிருந்து பிலிம் அல்லது ஒளியுணரி வரை உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் வரையறுக்கப்பட்டது. இதை ஃபிளாஞ்ச் தூரம் என்பர். சில அளவுகள்:

பி.எல். (சினிமாக் காமிரா): 52 மி.மீ.
நிக்கான் எஃப்: 46.5 மி.மீ.
கேனான் இ.எஃப்.: 44 மி.மீ.
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 19.25 மி.மீ.
சோனி இ: 18 மி.மீ.
சி மவுண்ட் (பல 16 மி.மீ. காமிராக்கள்): 17.526 மி.மீ.

சில தூரங்கள் ஏன் இவ்வளவு நீளம்? படம்பிடிப்பவர் லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்ப்பதற்காக, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அசைய இடம் வேண்டியிருந்தது. 1937ஆம் ஆண்டு வெளிவந்த ஆரிஃபிளெக்ஸ் 35 சினிமாக் காமிராவில் கண்ணாடியே ஷட்டராகச் சுழன்றது. இன்றைய கண்ணாடியில்லாக் காமிராக்களில் அந்த இடம் தேவையில்லை. ஆகவே தூரம் குறைந்தது.

நீண்ட தூரத்துக்குச் செய்த லென்ஸைக் குறுகிய தூரமுள்ள காமிராவில் மாட்டலாம். நடுவே வித்தியாசம் அளவுக்கு ஒரு குழாய் வைத்தால் போதும். அதுதான் அடாப்டர். நிக்கான் எஃப் லென்ஸைச் சோனி இ காமிராவில் மாட்ட 46.5 – 18 = 28.5 மி.மீ. நீளமுள்ள அடாப்டர் வேண்டும். எதிர்மாறாக, சோனி இ லென்ஸை பி.எல். காமிராவில் மாட்ட வேண்டுமானால் அதைக் காமிராவுக்குள் 34 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும்! அது நடவாது. ஆகவே ஃபிளாஞ்ச் தூரம் நீண்ட லென்ஸே பல இடங்களுக்குப் போகும்.

எங்கள் அடாப்டரை ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியால் அளந்தோம். இருக்க வேண்டியதைவிடக் கால் மி.மீ. நீளம் அதிகமாக இருந்தது. கால் மி.மீ. என்ன செய்துவிடும் என்கிறீர்களா? கணக்கிடுவோம்.

லென்ஸைக் கடைசி வரை திருப்பி, முடிவிலித் தொலைவுக்கு வைத்தாலும், ஒளியுணரி குவியத்திலிருந்து 0.25 மி.மீ. பின்னால் இருக்கும். அப்போது தெளிவாகத் தெரியும் பொருளின் தூரம் ஏறக்குறைய குவியத் தூரத்தின் வர்க்கத்தை அந்தப் பிழையால் வகுத்தால் கிடைக்கும்: 50 × 50 ÷ 0.25 = 10,000 மி.மீ. அதாவது 10 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள எதையும் அந்த லென்ஸால் கூர்மையாகக் காட்டவே முடியாது. அருவியோ 20 மீட்டரில்!

20 மீட்டரில் உள்ள பொருளின் பிம்பம் குவியத்திலிருந்து 0.125 மி.மீ. பின்னால் விழும். ஒளியுணரி இன்னும் 0.125 மி.மீ. தள்ளி இருந்தது. மேகமூட்டம் காரணமாக நாங்கள் துவாரத்தை f/2 அளவுக்குத் திறந்திருந்தோம். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் 0.125 ÷ 2, அதாவது சுமார் 0.06 மி.மீ. விட்டமுள்ள பொட்டாக விழுந்தது. 17.3 மி.மீ. அகலப் படம் 60 மி.மீ. அகலமுள்ள காமிராத் திரையில் மூன்றரை மடங்குதான் பெரிதாகும், பொட்டு 0.2 மி.மீ.; கண்ணுக்குப் படவில்லை. 2 மீட்டர் அகலச் சுவரில் அதே படம் 115 மடங்கு பெரிதாகிறது. பொட்டு 7 மி.மீ.! மங்கல் வந்த வழி இதுவே.

குவியத் தூரம் குறையக் குறைய இந்தப் பிழை கொடியதாகும். 16 மி.மீ. லென்ஸில் அதே கால் மி.மீ. பிழை இருந்தால், ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவிழக்கும். செய்து பாருங்கள்: 16 × 16 ÷ 0.25.

எல்லா லென்ஸும் ஊர் சுற்றாது

ஒரே ஒரு காமிராவுக்கென்றே வாழ்ந்த லென்ஸும் உண்டு. 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க விரும்பினார் ஸ்டான்லி கூப்ரிக். அதற்கு அவர் பயன்படுத்தியது, விண்வெளி ஆராய்ச்சிக்காகச் சைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ., f/0.7 லென்ஸ். அதன் பின்பகுதி பிலிமை ஒட்டி நிற்க வேண்டியிருந்ததால், ஒரு மிட்செல் காமிராவின் உட்பகுதியையே அறுத்து மாற்றினார்கள். அதன்பின் அந்தக் காமிராவில் மற்ற லென்ஸ்களைப் பழையபடி மாட்ட முடியவில்லை.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973இல் வந்தது. சினிமாஸ்கோப் லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கிப் பிலிமில் பதிக்கும். திரையிடும்போது வேறொரு லென்ஸ் அதை விரிக்கும். அகலமான காட்சிக்கு அது அருமையான கருவி. ஆனால் பள்ளிக் குழுவின் ஒரே லென்ஸாக இருக்க அது ஏற்றதன்று.

வெளிச்சக் கணக்கு

f எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. துவாரம் என்றால் f/2. ஆனால் நுழையும் ஒளி முழுவதும் பிலிமைச் சேருவதில்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீதம் எதிரொளித்துவிடும். ஒரு ஜூம் லென்ஸில் 15 தனித்தனிக் கண்ணாடிகள் இருந்தால் 30 பரப்புகள். கடைசியில் மிஞ்சுவது 29 சதவீதமே! 1935இல் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா, கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சுப் பூசி எதிரொளிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டார். பூச்சினால் இழப்பு பரப்புக்கு அரை சதவீதமாகக் குறைந்தால், 30 பரப்புகளுக்குப் பின்னும் 86 சதவீத ஒளி மிஞ்சும்.

சினிமா லென்ஸ்களில் இந்த இழப்பையும் சேர்த்து T எண் குறிப்பார்கள். f எண்ணை, வெளிவரும் ஒளியின் பங்கினுடைய வர்க்கமூலத்தால் வகுத்தால் T எண் வரும். f/3.5 உள்ள லென்ஸ் 86 சதவீதம் ஒளியை விட்டால் அது T 3.8. இரண்டு காமிராக்களில் எடுத்த காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டும்போது வெளிச்சம் ஒத்திருக்க வேண்டும்; அதற்கு T எண்ணே நம்பத்தக்கது.

சினிமாவில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. விநாடிக்கு 24 அல்லது 25 படங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1/50 விநாடி. 10 மீட்டர் விழுந்த நீரின் வேகம் விநாடிக்கு 14 மீட்டர். 1/50 விநாடியில் அது 28 செ.மீ. நகர்கிறது. அந்தக் கோடுதான் நீர் ஓடுவதுபோல நமக்குத் தோன்றச் செய்கிறது. நேரத்தை மிகக் குறைத்தால் துளிகள் நின்று நின்று துள்ளும். எனவே வெளிச்சத்தைத் துவாரத்தாலும், லென்ஸின் முன் மாட்டும் சாம்பல்நிற வடிகட்டியாலும் சரிசெய்ய வேண்டும். விரலால் திருப்பக்கூடிய துவார வளையம் லென்ஸிலேயே இருப்பது நல்லது. அடாப்டர் வழியே காமிரா கட்டளையிட முடியாத இடத்தில் அதுவே கைகொடுக்கும்.

ஜூம் லென்ஸா, ஒற்றை லென்ஸா?

குவியத் தூரம் மாறாத லென்ஸ் எளிமையானது. பெரும்பாலும் அதிக ஒளி தரும். ஈரத்தில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றுவதுதான் தொல்லை. பிரான்சு நாட்டின் பியர் ஆன்ஜெனியூ 1950களில் 16 மி.மீ. காமிராவுக்கு நல்ல ஜூம் லென்ஸ்களைச் செய்தார். பத்து மடங்கு ஜூம் லென்ஸுக்காக 1964ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் அறிவியல் தொழில்நுட்ப விருது பெற்றார். நல்ல சினிமா ஜூம் லென்ஸில், குவியத் தூரத்தை மாற்றும்போது கூர்மை கெடாது, துவாரமும் சுருங்காது. வாங்கும்போது இவ்விரண்டையும் சோதியுங்கள். அடாப்டரின் நீளம் பிழையானால் முதலில் சொன்ன குணம் போய்விடும்.

இப்போது 35–105 மி.மீ., f/3.5 ஜூம் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிம்ப வட்டம் 43.3 மி.மீ.க்குக் குறையாதது, ஃபிளாஞ்ச் தூரம் 46.5. இது மூன்று மடங்கு ஜூம். 20 மீட்டரில் நின்றால் முழுச்சட்டக் காமிராவில் 20.6 மீட்டர் அகலத்திலிருந்து 6.9 மீட்டர் வரை காட்டும். அதே லென்ஸை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் மாட்டினால் 9.9 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் வரை. இரண்டு காமிராவையும் சேர்த்துப் பாருங்கள்: 20.6 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் வரை, அதாவது ஆறு மடங்குக்கும் மேல்! கூடுதல் காமிரா, கூடுதல் லென்ஸ் போலவே உதவுகிறது. ஆனால் சிறிய சட்டத்தின் படம் திரையில் இரண்டு மடங்கு அதிகம் பெரிதாவதால், லென்ஸின் குறைகளும் அவ்வாறே பெரிதாகும் என்பதை மறவாதீர்கள்.

சாரலும் பூஞ்சணமும்

குற்றாலத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரம். முன் கண்ணாடியில் ஒரு வெற்றுக் கண்ணாடி வடிகட்டியை மாட்டி, குடைக்கடியில் நின்று படம் எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் கண்ணாடிமேல் ஆவி படியும். பையிலேயே சிறிது நேரம் வைத்துப் பிறகு எடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்துப் பூச்சை அரித்துவிடும். வீடு திரும்பியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வெள்ளம் வரும்போது போலீசார் தடுத்தால், படத்தை விட்டுவிட்டு உடனே விலகுங்கள்.

கோபுரக் கலசம் சொல்லும் தீர்ப்பு

எங்கள் கதை எப்படி முடிந்தது? தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் அந்த அடாப்டரைக் கால் மி.மீ. சீவிக் கொடுத்தார்கள். பிறகு தொலைவில் ஒரு மாடியில் ஏறி, காசி விசுவநாதர் கோவில் கோபுரத்தின் கலசத்தைக் குறிபார்த்தோம். துவாரத்தை முழுதும் திறந்து, படத்தைக் காமிராவிலேயே பெரிதாக்கிப் பார்த்தோம். கலசம் கூர்மையாக நின்றது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அதை முன்னமே செய்யாததால் ஒரு சீசன் போயிற்று. மறு ஆண்டு படம் நன்றாக வந்தது. ஆனால் ஒன்பது பேரில் ஐவர் அதற்குள் பள்ளியை முடித்துப் போய்விட்டனர். கேள்வி கேட்ட மாணவியும் அவர்களில் ஒருத்தி.

ஆகவே மாணவர்களே, லென்ஸ் வாங்கும் முன் சட்டம், பிம்ப வட்டம், ஃபிளாஞ்ச் தூரம், T எண், துவார வளையம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் உங்கள் ஊர்க் கோபுரத்தையோ, குன்றையோ, தண்ணீர்த் தொட்டியையோ குறிபார்த்து விடுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. அருவியிலிருந்து 30 மீட்டரில் நிற்கிறீர்கள். 12 மீட்டர் அகலம் படத்தில் அடங்க வேண்டும். 36 மி.மீ. சட்டத்துக்கும் 17.3 மி.மீ. சட்டத்துக்கும் எந்தக் குவியத் தூரம் வேண்டும்?

2. பி.எல். லென்ஸை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காமிராவில் மாட்ட அடாப்டரின் நீளம் என்ன?

3. 105 மி.மீ. லென்ஸில் அடாப்டர் கால் மி.மீ. நீளம் கூடினால், எத்தனை மீட்டருக்கு அப்பால் கூர்மை கெடும்?

விடைகள்: 1. 90 மி.மீ.; சுமார் 43 மி.மீ. 2. 32.75 மி.மீ. 3. சுமார் 44 மீட்டர்.